பெருந்தொற்றுக் காலத்தில் ஓபியாய்டு மரணங்களும் அவற்றைத் தடுக்கும் முயற்சிகளும்

கோவிட் தொற்று பரவத் தொடங்கிய 2020 மார்ச் மாதத்தில், வட அமெரிக்காவின் பொதுச் சுகாதாரத் துறைகள் ஒன்றோடொன்று மோதும் இரண்டு அறிவுரைகளை ஒரே மக்களுக்குச் சொல்ல வேண்டிய நிலைக்கு ஆளாயின. தொற்றிலிருந்து தப்ப வேண்டுமானால் வீட்டுக்குள் அடங்கி, பிறரிடமிருந்து விலகித் தனித்திருக்க வேண்டும் என்பது முதல் அறிவுரை. போதைப்பொருள் பயன்படுத்துவோர் ஒருபோதும் தனியாக இருந்து அதைப் பயன்படுத்தக் கூடாது, மூச்சு நின்றால் உதவ அருகில் ஒருவராவது இருக்க வேண்டும் என்பது, அதே துறைகள் அதற்கு முன் பல ஆண்டுகளாக வலியுறுத்திவந்த மற்றோர் அறிவுரை. தனித்தனியே பார்த்தால் இரண்டுமே சரியானவை. இரண்டையும் ஒருசேரக் கடைப்பிடிப்பது, குறிப்பாக ஒற்றை அறையில் குடியிருக்கும் ஏழை ஒருவருக்கு, ஏறத்தாழ முடியாத காரியம். இந்த முரண்பாடு எத்தனை உயிர்களைக் கொண்டுபோயிற்று, அதைத் தணிக்க எடுக்கப்பட்ட அவசர நடவடிக்கைகளில் எவை பலனளித்தன, பெருந்தொற்று தணிந்த பின் அவற்றில் எவை நிலைத்தன என்பதை, பெரும்பாலும் அமெரிக்க ஐக்கிய நாடுகள், கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் ஆகியவற்றின் அனுபவத்தைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

ஓபியாய்டு என்பது அபினியிலிருந்து நேரடியாகப் பெறப்படும் மார்ஃபின், அதிலிருந்து மாற்றி உருவாக்கப்படும் ஹெராயின், முழுக்க ஆய்வுக்கூடத்தில் தயாராகும் ஃபென்டானில், மெத்தடோன் ஆகிய அனைத்தையும் உள்ளடக்கிய மருந்துக் குடும்பத்தின் பொதுப்பெயர். வலியை அடக்கும் இவை, மூளைத்தண்டில் மூச்சின் தாளத்தை நடத்தும் நரம்பணுக்களின் மீதும் செயல்பட்டு அவற்றை மந்தமாக்குகின்றன. உடல் தாங்கும் அளவுக்கு மேல் மருந்து சேர்ந்துவிடும்போது, இரத்தத்தில் கரியமிலவாயு ஏறினாலும் மூளை அதை உணர்ந்து மூச்சை விரைவுபடுத்துவதில்லை; மூச்சு மெல்ல மெல்லத் தேய்ந்து, உதடுகள் நீலம் பூத்து, சில நிமிடங்களில் நின்றுவிடுகிறது. மிகையளவு என்று மருத்துவர்கள் குறிப்பிடுவது இந்த நிலையைத்தான். இது பெரும்பாலும் மாரடைப்பைப் போலத் திடீரென்று நிகழ்வதில்லை, மூச்சுத் திணறி உயிர் போகும் சாவைப் போல நிமிடக் கணக்கில் நிகழ்கிறது என்பது மிக முக்கியமானது. ஏனெனில் அந்த நிமிடங்களுக்குள் ஒருவர் பக்கத்தில் இருந்தால் இந்தச் சாவைப் பெரும்பாலும் தடுத்துவிட முடியும். மார்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியமுள்ள ஃபென்டானில் வந்த பிறகு அந்தக் கால இடைவெளி மிகவும் சுருங்கிவிட்டது. அருகில் ஆள் இருப்பதன் அவசியமும் அதே அளவுக்குக் கூடிவிட்டது.

பெருந்தொற்று வருவதற்கு முன்பே நிலைமை கைமீறிக்கொண்டிருந்தது. 1996-இல் ஆக்ஸிகான்டின் என்ற வலிநிவாரணி மாத்திரை சந்தைக்கு வந்து, மருத்துவர்களால் தாராளமாக எழுதிக்கொடுக்கப்பட்டதில் தொடங்கிய அமெரிக்க நெருக்கடி, அம்மாத்திரைகளுக்குக் கட்டுப்பாடு வந்ததும் ஹெராயினுக்கும், 2013-ஐ ஒட்டி ஃபென்டானிலுக்கும் நகர்ந்தது. 2019-இல் அந்நாட்டில் எல்லா வகைப் போதைப்பொருள்களாலும் 70,630 பேர் மிகையளவில் இறந்தனர். அவர்களில் ஏறத்தாழ 50,000 பேரின் சாவில் ஓபியாய்டு இருந்தது. 2020-இல் மொத்த எண்ணிக்கை 91,799 ஆகவும், 2021-இல் 106,699 ஆகவும் ஏறியது. பிரிட்டிஷ் கொலம்பியா 2016 ஏப்ரலிலேயே மிகையளவு மரணங்களை முன்னிட்டுப் பொதுச் சுகாதார அவசரநிலையை அறிவித்து, 2019-இல் அம்மரணங்களை 1,000-க்குக் கீழே இறக்கியிருந்தது. அடுத்த ஆண்டு அது 1,700-ஐத் தாண்டியது. அந்த ஆண்டில் அம்மாநிலத்தில் கோவிட் நோயால் இறந்தவர்களைவிட நச்சேறிய போதைப்பொருளால் இறந்தவர்களே அதிகம். ஆனால் மாநிலமே காத்திருந்து கேட்ட செய்தியாளர் சந்திப்புகள் கோவிட் எண்ணிக்கைக்காகவே நடந்தன.

இந்த ஏற்றம் முழுவதையும் பெருந்தொற்றின் கணக்கில் எழுதிவிடுவது தவறாகும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2020 டிசம்பரில் வெளியிட்ட எச்சரிக்கையே, மரணங்கள் 2019-இன் பிற்பகுதியிலேயே மீண்டும் ஏறத் தொடங்கிவிட்டன என்பதைச் சுட்டியது. அதுவரை நாட்டின் கிழக்குப் பகுதியில் பெரும்பாலும் தங்கியிருந்த ஃபென்டானில், கலிஃபோர்னியா உள்ளிட்ட மேற்கு மாநிலங்களின் சந்தைக்குள் அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. அதே எச்சரிக்கை, 2020 மார்ச் முதல் மே வரையிலான மாதங்களில் அந்த ஏற்றம் மிகக் கூர்மையாயிற்று என்பதையும் பதிவுசெய்தது. அவசர ஊர்திப் பதிவுகளைக் கொண்டு நடந்த ஓர் ஆய்வு, மிகையளவோடு தொடர்புடைய இதயத் துடிப்பு நிறுத்தங்கள் 2020 மே மாதத்தில் வழக்கமான அளவைவிட இருமடங்குக்கு மேல் உயர்ந்ததைக் காட்டியது. ஆகவே, ஏற்கெனவே எரிந்துகொண்டிருந்த நெருப்புக்குப் பொதுமுடக்கம் காற்று வீசியது என்பதே சான்றுகளுக்குப் பொருந்தும் முடிவு. எந்தெந்த வழிகளில் அது வீசியது என்று பிரித்துப் பார்ப்பதே இனிவரும் பெருந்தொற்றுகளுக்குப் பயன்தரும்.

முதல் வழி தனிமை. வான்கூவர் நகரின் டவுன்டவுன் ஈஸ்ட்சைட் பகுதியில், பழைய விடுதிகளில் ஆளுக்கு ஓர் அறை, பொதுக் கழிப்பறை என்ற முறையில் ஆயிரக்கணக்கான ஏழைகள் குடியிருக்கிறார்கள். தொற்றுக்கு அஞ்சி, இவ்விடுதிகளில் பலவும் 2020 மார்ச்சில் விருந்தினர் எவரையும் உள்ளே விடக் கூடாதென்று விதித்தன. அங்கே விருந்தினர் என்பவர் பெரும்பாலும் பொழுதுபோக்க வருபவர் அல்லர். கதவைத் தட்டிப் பார்த்து, பதில் வராவிட்டால் உதவிக்கு ஓடும் நண்பர் அவர். 2003-இல் திறக்கப்பட்டு, வட அமெரிக்காவில் அரசு ஒப்புதலோடு இயங்கிய முதல் மேற்பார்வை நிலையமாகிய இன்சைட்டும், இடைவெளி விதிகளால் ஒரே நேரத்தில் உள்ளே அமரக்கூடியவர்களின் எண்ணிக்கையைக் குறைக்க நேர்ந்தது. மேற்பார்வை நிலையம் என்பது, தாம் கொண்டுவந்த போதைப்பொருளைப் பயிற்சி பெற்ற செவிலியரின் கண்பார்வையில், தூய ஊசியைக் கொண்டு செலுத்திக்கொள்ள ஒருவரை அனுமதிக்கும் இடம். மூச்சுத் தடுமாறினால் அங்கேயே ஆக்சிஜன் கிடைக்கும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் மரண விசாரணை அலுவலகத்தின் பதிவுகளின்படி, பெருந்தொற்று ஆண்டுகளில் இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வீடுகளிலும் விடுதி அறைகளிலும், அதாவது நான்கு சுவர்களுக்குள்ளே இறந்தார்கள். தெருவில் விழுந்தவர்களைவிட மூடிய கதவுக்குப் பின்னே விழுந்தவர்களே அதிகம் என்பதைத் தடுப்புத் திட்டம் வகுக்கும் எவரும் மறந்துவிடக் கூடாது.

அடுத்ததாக, உயிர்காக்கும் கையேடே குழப்பத்துக்குள்ளானது. ஓபியாய்டு மிகையளவுக்கு மாற்றுமருந்தாகிய நலோக்சோன், மூளையில் ஓபியாய்டு ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகளிலிருந்து அதை அகற்றிவிட்டுத் தான் அமர்ந்துகொள்ளும் பொருள்; 1961-இல் உருவாக்கப்பட்டு 1971-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன் விளைவு இரண்டு, மூன்று நிமிடங்களில் தெரியும். ஆனால் 30 முதல் 90 நிமிடங்களில் தேய்ந்துவிடும். பிரிட்டிஷ் கொலம்பியா 2012 முதல் இலவசமாக வழங்கிவரும் கைப்பெட்டி உள்ளங்கையைவிடச் சற்றே பெரியது: உள்ளே நலோக்சோன் நிரம்பிய மூன்று சிறு கண்ணாடிக் குப்பிகள், அவற்றின் கழுத்தை விரல் வெட்டுப்படாமல் உடைக்க உதவும் பிளாஸ்டிக் உறைகள், குத்திய பின் ஊசிமுனை தானே உள்வாங்கிக்கொள்ளும் மூன்று சிரிஞ்சுகள், ஸ்பிரிட் துணி, கையுறை, நடுவே ஒருவழி வால்வு பொருத்திய மெல்லிய மூச்சுத் திரை. அங்கே கற்பிக்கப்படும் வரிசையில் ஊசி கடைசியில்தான் வருகிறது. முதலில் தட்டி எழுப்பிப் பார்க்க வேண்டும், அவசர ஊர்தியை அழைக்க வேண்டும், தலையைச் சற்றே பின்னுக்குச் சாய்த்து மூச்சுப்பாதையைத் திறக்க வேண்டும், ஐந்து நொடிக்கு ஒருமுறை மூச்சு ஊதிக் கொடுக்க வேண்டும், அதன் பின்பே தொடையிலோ தோளிலோ ஊசி போட வேண்டும். மூச்சு நின்றதால் வந்த ஆபத்துக்கு மூச்சே முதல் மருந்து என்பது இவ்வரிசையின் அடிப்படை.

பெருந்தொற்று வந்தபோது, பல நாடுகளின் புத்துயிரூட்டல் வழிகாட்டிகள், வழியில் விழுந்து கிடப்பவருக்கு வாயோடு வாய் வைத்து ஊதாமல் மார்பை அழுத்தினால் மட்டும் போதும் என்று சாமானியர்களுக்கு அறிவுறுத்தின. இதயம் நின்று விழுந்தவரின் இரத்தத்தில் சில நிமிடங்களுக்கேனும் ஆக்சிஜன் மிஞ்சியிருப்பதால், அவருக்கு இவ்வறிவுரை பொருந்தலாம். ஆனால் மிகையளவில் விழுந்தவரின் உடலில் ஆக்சிஜன் முன்பே தீர்ந்துபோயிருக்கிறது. அவருடைய மார்பை அழுத்துவது ஆக்சிஜன் இல்லாத இரத்தத்தைச் சுற்றிவிடுவதாகவே முடியும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீங்கு குறைப்புத் துறையினர் இதை உணர்ந்து, கைப்பெட்டியில் இருக்கும் ஒருவழித் திரையைக் கொண்டு மூச்சு ஊதுவதைத் தொடரலாம் என்ற நிலைப்பாட்டைப் பற்றிநின்றார்கள். மேற்பார்வை நிலையங்களில் வடிகட்டி பொருத்திய மூச்சுப்பைகள் வாய்க்கு மாற்றாக வந்தன. பொதுவான நோய்த்தடுப்பு விதி ஒன்று வெளியாகும்போது, அது எந்த நோயாளிக்குத் தீங்காய் முடியும் என்பதையும் உடனடியாக ஆராய்ந்து விதிவிலக்கை அறிவிக்க வேண்டும் என்ற தேவைக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

மூன்றாவதாக வருவது சிகிச்சை. இந்த ஆய்வின் மையமும் அதுவே. ஓபியாய்டுக்கு அடிமையானவருக்கு, நீடித்துச் செயல்படும் மற்றோர் ஓபியாய்டை அளவாகக் கொடுத்து, விலகல் உபாதைகளையும் தெருச்சரக்கின் தேவையையும் தணிப்பது மாற்றுமருந்துச் சிகிச்சை எனப்படும். மெத்தடோன், புப்ரெனார்ஃபின் ஆகிய இரண்டும் இதற்குரிய முதன்மை மருந்துகள். இவற்றை ஒழுங்காக எடுத்துக்கொள்பவர்களின் இறப்பு விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் நிறுவப்பட்டது. 1960-களின் நடுப்பகுதியில் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் வின்சென்ட் டோல், மேரி நைஸ்வாண்டர் ஆகியோர் மெத்தடோன் சிகிச்சையை நிறுவிய சில ஆண்டுகளில், 1972-இல் அமெரிக்க அரசு விதித்த கட்டுப்பாடுகள் அதைத் தனிச்சிறப்பு நிலையங்களுக்குள் அடைத்துவைத்தன. நோயாளி வாரத்தில் ஆறு நாள், பலர் விடியுமுன்பே எழுந்து பல மைல் பயணம் செய்து, வரிசையில் நின்று, கண்ணாடிச் சன்னலுக்கு அப்பால் இருக்கும் செவிலியரின் முன்னிலையில் சிறு குவளை மருந்தைக் குடித்து, விழுங்கிவிட்டதைப் பேசிக்காட்டிவிட்டுப் போக வேண்டியிருந்தது. முதல் மூன்று மாதங்களில் வாரத்துக்கு ஒரு வேளை மருந்தே வீட்டுக்குக் கிடைத்தது. ஒரு மாத மருந்தைக் கையில் பெற இரண்டு ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ 4 லட்சம் பேரின் வாழ்க்கை இந்த வரிசையோடு கட்டப்பட்டிருந்தது. தொற்றுக் காலத்தில் அந்த வரிசையே ஆபத்தாயிற்று.

2020 மார்ச் 16 அன்று, போதைப்பழக்கச் சிகிச்சையை மேற்பார்வையிடும் அமெரிக்கக் கூட்டாட்சி நிறுவனம், நிலைபெற்ற நோயாளிகளுக்கு 28 நாள் மருந்தையும் மற்றவர்களுக்கு 14 நாள் மருந்தையும் வீட்டுக்குக் கொடுக்க அனுமதித்தது. அரை நூற்றாண்டாகக் காரணம் காட்டி மறுக்கப்பட்டது ஒரு சுற்றறிக்கையில் நடந்தேறியது. மருந்து வெளிச்சந்தைக்குக் கசியும், மெத்தடோன் மரணங்கள் பெருகும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. மெத்தடோன் உடலில் நெடுநேரம் தங்கிச் சேர்ந்துகொண்டே போகும் மருந்து, பழக்கமில்லாத ஒருவர் குடித்தால் உயிருக்கே ஆபத்து. ஆனால் தேசிய இறப்புப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், 2020 மார்ச்சில் மெத்தடோன் சார்ந்த மரணங்களில் ஒரு சிறு ஏற்றத்தைக் கண்டாலும், அதன்பின் அது தொடரவில்லை என்றும், எல்லா மிகையளவு மரணங்களிலும் மெத்தடோன் இடம்பெற்ற விகிதம் 2019-இல் 4.5 விழுக்காடாக இருந்தது 2021-இல் 3.2 விழுக்காடாக இறங்கியது என்றும் கண்டறிந்தார்கள். பிற போதைப்பொருள் மரணங்கள் பெருகியதால் விகிதம் தானாகவே குறையும் என்ற எதிர்வாதம் ஓரளவு நியாயமானதே; ஆயினும் அஞ்சிய பேரழிவு வரவில்லை என்பதை அதுவும் மறுக்கவில்லை. வருந்தத்தக்கது என்னவென்றால், கூட்டாட்சி அரசு அனுமதித்த பிறகும், பல நிலையங்கள் பழைய பழக்கத்தாலும், நாள்தோறும் வருகைக்கு ஏற்பப் பணம் பெறும் முறையாலும், தளர்வை முழுமையாகக் கைக்கொள்ளவில்லை. விதி மாறினாலும், அந்த விதியைச் சுற்றி வளர்ந்த வரவுசெலவுக் கணக்கு மாறுவதில்லை.

புப்ரெனார்ஃபினுக்கு வந்த தளர்வு இதைவிடப் பெரியது. 2008-ஆம் ஆண்டுச் சட்டமொன்று, கட்டுப்படுத்தப்பட்ட மருந்தை எழுதிக்கொடுக்கும் மருத்துவர் நோயாளியை ஒருமுறையேனும் நேரில் பார்த்திருக்க வேண்டும் என்று கோரியது. 2020 மார்ச் இறுதியில், தொலைபேசியில் பேசியே அச்சிகிச்சையைத் தொடங்கலாம் என்ற அனுமதி வந்தது. படக்காட்சிக் கருவி கூட வேண்டாம், குரல் போதும் என்பது இதில் மிகுந்த பயனுள்ள பகுதி; ஏனெனில் வீடற்றவர்களிடமும் கிராமப்புற ஏழைகளிடமும் இருப்பது பெரும்பாலும் சாதாரணக் கைபேசிதான். முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கான மெடிகேர் காப்பீட்டின் பதிவுகளைக் கொண்டு பின்னர் நடந்த ஆய்வில், தொலைமருத்துவம் வழியே ஓபியாய்டு சிகிச்சை பெற்றவர்களிடையே மிகையளவால் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. தொலைபேசியில் பேசக்கூடிய நிலையில் இருந்தவர்கள் தொடக்கத்திலேயே சற்று நிலைபெற்றவர்களாக இருந்திருக்கலாம் என்ற ஐயத்தை இத்தகைய நோக்கு ஆய்வுகள் முற்றிலும் போக்கிவிடுவதில்லை. இருந்தாலும், நேரில் பார்க்காமல் கொடுத்தால் தீங்கு பெருகும் என்ற வாதத்துக்கு இவ்வாய்வுகளில் ஆதரவு கிடைக்கவில்லை.

பிரிட்டிஷ் கொலம்பியா இவற்றைத் தாண்டி, மிகுந்த விவாதத்துக்குரிய ஓர் அடியை எடுத்துவைத்தது. எல்லைகள் மூடப்பட்டுக் கள்ளச்சந்தையின் சரக்கு வரத்துக் குலைந்ததால் தெருச்சரக்கின் கலவை நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருந்தது; எடிசோலாம் போன்ற மயக்கமருந்துகள் ஃபென்டானிலோடு கலந்து வந்தன. இவை பென்சோடயசபைன் வகையைப் போலச் செயல்படுபவை. நலோக்சோன் இவற்றின்மீது செயல்படாது என்பதால், ஊசி போட்டு மூச்சுத் திரும்பிய பின்னும் நோயாளி மணிக்கணக்கில் மயக்கம் தெளியாமல் கிடந்தார். இந்நிலையில் 2020 மார்ச் 26 அன்று அம்மாநிலம் வெளியிட்ட இடர் தணிப்பு வழிகாட்டுதல், தொற்றுக்காகத் தனிமைப்படுத்தப்பட வேண்டியவர்கள் சரக்குக்காக வெளியே அலையாமல் இருக்கும்பொருட்டு, ஹைட்ரோமார்ஃபோன் மாத்திரைகளை மருத்துவர்கள் எழுதிக்கொடுக்க வழிவகுத்தது. ஹைட்ரோமார்ஃபோன், அளவும் தூய்மையும் தெரிந்த, மருந்தகத்தில் கிடைக்கும் ஓபியாய்டு. இவ்வாறு கொடுப்பதைப் பாதுகாப்பான வழங்கல் என்று அங்கே அழைக்கிறார்கள்.

அதன் பலன் என்ன என்பதில் சான்றுகள் ஒருமித்து நிற்கவில்லை. 2024 ஜனவரியில் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, இத்திட்டத்தில் சேர்ந்த ஏறத்தாழ 5,900 பேரைப் பின்தொடர்ந்து, ஒரு நாளேனும் ஓபியாய்டு மாத்திரை பெற்றவர்கள் அடுத்த வாரத்தில் எக்காரணத்தாலும் இறக்கும் வாய்ப்பு 61 விழுக்காடு குறைந்ததையும், வாரத்தில் நான்கு நாளோ அதற்கு மேலோ பெற்றவர்களிடம் அது 91 விழுக்காடு குறைந்ததையும் காட்டியது. ஏறத்தாழ அதே காலத்தில் ஜாமா குழுமத்தின் உள்மருத்துவ இதழில் வந்த மற்றோர் ஆய்வு, பிரிட்டிஷ் கொலம்பியாவை மானிடோபா, சஸ்காட்செவன் மாநிலங்களோடு ஒப்பிட்டு, கொள்கை வந்த பின் ஓபியாய்டு நச்சுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்படுவோர் கூடினர் என்றும், மரணங்களில் புள்ளியியல் நோக்கில் மாற்றம் தென்படவில்லை என்றும் முடிவுகண்டது. இவ்விரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்குவன அல்ல. முன்னது மாத்திரை கைக்குக் கிடைத்த தனிமனிதர்களைப் பற்றிப் பேசுகிறது. பின்னது மாநிலம் முழுவதையும் பற்றிப் பேசுகிறது. மாநிலத்தில் சட்டவிரோதச் சரக்கைப் பயன்படுத்துவோர் லட்சத்துக்கு மேல் இருக்கும் என மதிப்பிடப்படும்போது, சில ஆயிரம் பேருக்குக் கிடைத்த நன்மை மொத்தக் கணக்கில் கரைந்துவிடுவது வியப்பல்ல. மாத்திரைகள் விற்கப்படுகின்றன என்ற குற்றச்சாட்டும் கற்பனையன்று. ஃபென்டானிலுக்குப் பழகிய உடலுக்கு ஹைட்ரோமார்ஃபோன் போதாமல், அதை விற்றுத் தெருச்சரக்கு வாங்கியவர்கள் இருந்தார்கள். 2025 பிப்ரவரியில் மாநில அரசு, இம்மாத்திரைகளை இனி மருந்தாளுநரின் கண்முன்னே விழுங்க வேண்டும் என்ற நிலைக்குத் திரும்பியது. கசிவைத் தடுக்க வேண்டும் என்ற கவலையை மதிக்கும் அதே வேளையில், நாளுக்குப் பல முறை மருந்தகத்துக்கு வர இயலாதவர்கள் சிகிச்சையிலிருந்து உதிர்ந்து போவார்கள் என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

சிறைகளை விட்டுவிட்டு மிகையளவு மரணத் தடுப்பைப் பற்றிப் பேச இயலாது. சிறையில் மருந்தின்றி இருந்த உடல் தன் தாங்குதிறனை, அதாவது பழக்கத்தால் பெற்ற தாங்கும் அளவை, இழந்துவிடுகிறது. வெளியே வந்தவர் பழைய அளவையே எடுத்தால் அது மிகையளவாகிவிடுகிறது. வாஷிங்டன் மாநிலத்தில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வொன்று, விடுதலையான முதல் இரண்டு வாரங்களில் மிகையளவால் இறக்கும் ஆபத்து பொதுமக்களைவிட 129 மடங்கு என்று கணக்கிட்டது. தொற்றைத் தவிர்க்கக் கைதிகளை முன்கூட்டியே விடுவித்தபோது, அவர்கள் கையில் நலோக்சோனும் சிகிச்சைக்கான வழியும் இருந்ததா என்பது இடத்துக்கிடம் வேறுபட்டது. 2020-இல் 1,339 போதை மரணங்களோடு ஐரோப்பாவிலேயே மோசமான நிலையில் இருந்த ஸ்காட்லாந்து, சிறைக்குள் நாள்தோறும் மருந்து கொடுக்கும் வேலையைக் குறைப்பதற்காக, மாதம் ஒருமுறை ஊசியாகப் போடும் புப்ரெனார்ஃபினுக்கு மாறியது. விடுதலையாகிறவர் வாயிலைத் தாண்டும்போது மருந்து அவர் உடலிலேயே இருந்தது. டப்ளின் நகரில் வீடற்றோரைத் தனித்தங்குமிடங்களுக்கு மாற்றியபோது, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்த மெத்தடோன் சிகிச்சையைச் சில நாட்களிலேயே தொடங்கிக் கொடுத்தார்கள். மனம்வைத்தால் காத்திருப்புப் பட்டியலை எவ்வளவு விரைவாகக் கரைக்க முடியும் என்பதை அந்நகரம் காட்டிற்று.

இம்மரணங்களின் சுமை எல்லோர் மீதும் சமமாக விழவில்லை. 2019-க்கும் 2020-க்கும் இடையே அமெரிக்காவில் மிகையளவு இறப்பு விகிதம் வெள்ளையரிடையே 22 விழுக்காடு ஏறியபோது, கறுப்பினத்தவரிடையே 44 விழுக்காடும், பூர்வகுடியினரிடையே 39 விழுக்காடும் ஏறியது. தொலைபேசி வழிச் சிகிச்சையும் வீட்டுக்கு மருந்தும் யாரைச் சென்றடைந்தன என்ற கேள்வியை இந்த எண்களோடு சேர்த்தே கேட்க வேண்டும். மருத்துவரே இல்லாத வட்டாரத்தில், தளர்த்தப்பட்ட விதியால் பயனடைய யாரும் இருப்பதில்லை.

இந்தியாவுக்கும் இதில் ஒரு சிறு ஆனால் உண்மையான பங்குண்டு. எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியப் போதைச் சிகிச்சை மையம் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வு, நாட்டில் ஏறத்தாழ 2.1 விழுக்காட்டினர் ஓபியாய்டு பயன்படுத்துவதாக மதிப்பிட்டது. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் மையங்களில் புப்ரெனார்ஃபின் மாத்திரை நாள்தோறும் பணியாளர் கண்முன்னே நாவின் அடியில் கரைக்கப்பட வேண்டியதாக இருந்தது; 2020 ஊரடங்கில் பேருந்துகள் நின்றுபோனதும், சில நாட்களுக்குரிய மாத்திரைகளை வீட்டுக்குக் கொடுக்க அங்கும் அனுமதி வந்தது. 2017 அக்டோபரில் புறநோயாளி மையங்களைத் தொடங்கியிருந்த பஞ்சாப், வீட்டுக்குக் கொடுக்கும் நாட்களை நீட்டித்தது. சரக்கு வரத்து அறுந்த அந்த வாரங்களில் பதிவுசெய்துகொண்டவர்கள் பெருமளவில் கூடினார்கள். ஆனால் நலோக்சோன் இந்தியாவில் இன்னும் பெரும்பாலும் மருத்துவமனைக்குள்ளே ஊசியாகவே இருக்கிறது. பயன்படுத்துவோரின் வீட்டுக்கும் நண்பர்களின் பைக்கும் அது போய்ச் சேரவில்லை.

தனிமையின் பிரச்சினைக்கு நேரடி விடையாக எழுந்தவை எளிய ஏற்பாடுகளே. அமெரிக்காவிலும் கனடாவிலும் இயங்கும் தொலைபேசிச் சேவைகளில், தனியாகப் பயன்படுத்தப்போகும் ஒருவர் அழைத்துத் தம் முகவரியைச் சொன்னால், மறுமுனையில் இருப்பவர் பேசிக்கொண்டே இருந்து, பதில் நின்றவுடன் அவசர ஊர்தியை அனுப்புகிறார். அஞ்சலில் நலோக்சோன் அனுப்பும் தன்னார்வ அமைப்புகளுக்குத் தேவை பெருகியது. ஆயினும் 2021-இல் மலிவான ஊசிமருந்தின் உற்பத்தி தடைப்பட்டபோது, மக்கள் அமைப்புகளின் கையிருப்பு வற்றிப்போயிற்று. சரக்கில் ஃபென்டானில் உண்டா என்று நீரில் தோய்த்துப் பார்க்கும் சோதனைப் பட்டைகளை வாங்கக் கூட்டாட்சி நிதியைச் செலவிடலாம் என்ற அனுமதி அதே ஆண்டு ஏப்ரலில் வந்தது. நவம்பர் இறுதியில் நியூயார்க்கின் ஈஸ்ட் ஹார்லம், வாஷிங்டன் ஹைட்ஸ் பகுதிகளில் நகர நிர்வாகத்தின் ஆதரவோடு அமெரிக்காவின் முதல் மேற்பார்வை நிலையங்கள் திறக்கப்பட்டன. பெருந்தொற்றுக்கு முன் பல நகரங்களில் முயன்று நடக்காத காரியம் அது.

அவசரநிலை முடிந்த பின் நடந்தவை கலவையானவை. புப்ரெனார்ஃபின் எழுத மருத்துவர்களுக்குத் தேவைப்பட்ட தனி அனுமதிச்சான்று 2022 டிசம்பரில் நீக்கப்பட்டது. 2023 மார்ச்சில் நலோக்சோன் மூக்குத்தெளிப்பு மருத்துவச் சீட்டின்றிக் கடையில் விற்க அனுமதி பெற்றது. மெத்தடோனை வீட்டுக்குக் கொடுக்கும் தளர்வு 2024-இல் நிரந்தர விதியாயிற்று. சிகிச்சையின் முதல் இரு வாரங்களிலேயே ஏழு நாள் மருந்தும், ஒரு மாதத்துக்குப் பின் 28 நாள் மருந்தும் கொடுக்கலாம் என்று அது சொல்கிறது. தொலைபேசி வழிப் புப்ரெனார்ஃபினை ஆறு மாதம் வரை தொடரும் விதி 2025 ஜனவரியில் வெளியானது. அமெரிக்க மரணங்கள் 2022-இல் ஏறத்தாழ 108,000 என்ற உச்சத்தைத் தொட்டு, 2023-இல் சற்றே குறைந்து, 2024-இல் ஏறத்தாழ 80,000-க்கு இறங்கின. நலோக்சோனின் பரவலும் சிகிச்சை எளிமையும் இதற்குக் காரணமா, ஃபென்டானில் சரக்கின் வீரியம் குறைந்ததா, ஆபத்தில் இருந்தவர்கள் பலர் முன்பே இறந்துபோனதா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு நீடிக்கிறது. மூன்றுமே சிறிது சிறிதாகப் பங்களித்திருக்கக் கூடும்.

இவ்வளவுக்குப் பிறகும் அமெரிக்காவில் போதைப்பழக்கச் சிகிச்சைக்கான மெத்தடோனை ஒருவர் தம் வீட்டருகே உள்ள சாதாரண மருந்துக்கடையில் மருத்துவச் சீட்டைக் கொடுத்து வாங்க முடியாது. கனடாவிலும் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பல பத்தாண்டுகளாக அது முடிகிறது. அதே மெத்தடோனை வலிக்கு எழுதிக்கொடுத்தால் அமெரிக்கக் கடைகளிலும் தடையின்றிக் கொடுக்கிறார்கள். இந்தத் தடையை நீக்கும் மசோதா 2023-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் அறிமுகமானது, செனட்டின் சுகாதாரக் குழுவின் ஒப்புதலையும் பெற்றது, சட்டமாகவில்லை.